கணவாயில் மூன்று மணி

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு பஸ் டிரைவர் சீட்டைப் போல ஒரு நல்ல இடம் கிடையாது. எல்லோரும் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள். யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. பார்க்கத் தோன்றினால் தலைக்கு மேலே கண்ணாடி இருக்கிறது. பேஸ்பால் ஆடுகிறவர்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி அந்தக் கண்ணாடி வழியாக வந்ததுதான்.

சான் ஹோசேயில் இருக்கும் ஒரு சின்ன பேஸ்பால் அணிக்கு நான் பஸ் ஓட்டுகிறேன். அணியின் ஆள் இல்லை, ஒரு பஸ் கம்பெனியின் ஆள். வசந்தத்தில் தொடங்கி கோடை முடியும்வரை அணி வெளியூர் போகும்போதெல்லாம் என் வண்டிதான். அதற்கு முன்னால் நாமக்கல்லில் லாரி ஓட்டினேன். முட்டை, ஜவ்வரிசி, இரும்பு, எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு லூதியானா வரை போய்வருவேன். இங்கே இருக்கும் அண்ணன் எழுதிப்போட்டு, பல வருஷம் காத்திருந்து, கிரீன் கார்டு வந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அமெரிக்காவில் என்ன வேலை கிடைக்கும் என்ற பயத்தோடுதான் விமானம் ஏறினேன். லைசென்சுக்கு எழுத்துப் பரீட்சை மூன்று தடவை எழுதினேன். ஓட்டிக் காட்டும் பரீட்சை ஒரே தடவைதான்.

அணி விவகாரம் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. மேலே பெரிய அணி ஒன்று இருக்கிறது. டிவியில் வருவது அது. அதற்குக் கீழே படிப்படியாக நாலு அணிகள். எங்களுடையது அடிப்படி. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வருகிறவர்கள் இங்கே ஆடித் தேறி ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டும். பெரும்பாலோர் போவதில்லை. மேல்படிக்காரர்கள் விமானத்தில் பறக்கிறார்கள், எங்கள் ஆட்கள் என் பஸ்ஸில் கால் மடக்கித் தூங்குகிறார்கள்.

முதல் வருஷம் ஜூலை கடைசியில் ஒரு விஷயம் நடந்தது. நேற்றுவரை பின்சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த ஒருவன் இன்று இல்லை. காயமா, வீட்டில் ஏதாவதா என்று கேட்கவும் எனக்குக் கூச்சம். அன்று ஜெர்சி சிட்டியில் பேங்க் வேலை பார்க்கும் என் மகளுக்கு ஃபோன் போட்டேன்.

"அப்பா, அது ட்ரேட். மேல இருக்கற டீமுக்கு இந்த வருஷமே ஜெயிக்கணும். அதுக்கு ஒரு பெரிய பிளேயர் வேணும். அவனை வச்சிருக்கற டீம் என்ன பண்ணும்? 'சரி, அவனை எடுத்துக்க. பதிலுக்கு உன்கிட்ட கீழ வளர்ற பசங்கள்ல ரெண்டு பேரைக் குடு'ன்னு கேக்கும். அவ்ளோதான்."

"அந்தப் பசங்களைக் கேக்க மாட்டாங்களா கண்ணு?"

"யாரு கேப்பா? ஃபோன் வரும். பேக் பண்ணிட்டுக் கிளம்பணும்."

"சந்தையில மாட்டை மாத்திக்கற மாதிரி இருக்குதே."

"அப்பா, ப்ளீஸ். இதைப் போய் பஸ்ல சொல்லிடாதீங்க."

நான் எங்கே சொல்லப் போகிறேன்? பஸ்ஸில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் எங்கள் கேட்சர்தான். பந்தை அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறவன். நம் விக்கெட் கீப்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் முழுக்கக் குந்தி எழ வேண்டும், பந்து போடுகிறவனுக்கு அடுத்து என்ன பந்து என்று சொல்லவும் வேண்டும். டெக்சாஸின் தென்கோடி எல்லை ஊர்க்காரன். முட்டி வலிக்காகக் காலை நீட்டிக்கொள்ள முதல் வரிசையில் எனக்குப் பின்னால் உட்காருவான். அவனுக்கு இருபத்துநாலு வயது. எங்கள் அணியில் அது கிழட்டு வயது. மூன்றாவது வருஷமாக இதே படியில் நின்றுகொண்டிருந்தான்.

அவனால்தான் எனக்கு ஒரு பெயர் வந்தது. ஒருநாள் வண்டி நின்றிருந்தபோது வீட்டுக்காரி ஸ்பீக்கரில் வந்தாள். ஃப்ரீமான்ட்டில் ஒரு நம்ம ஊர்க் கடையில் அவளுக்கு வேலை. "ஏனுங்க, வரும்போது தயிர் வாங்கறதுங்களா, நானே எடுத்துட்டு வரட்டுங்களா, ஏனுங்க, கேக்குதுங்களா?" என்றாள். கேட்சர் அதைக் கேட்டுவிட்டு என் பெயர் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டான். மறுநாள் பஸ் முழுக்க "குட்மார்னிங், ஏனுங்க!" என்றது. ஆறடிக்கு மேல் வளர்ந்த இருபத்தைந்து ஆண்பிள்ளைகள் என்னை என் பெண்டாட்டி கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்கள். திருத்தவும் எனக்கு வாய் வரவில்லை. அப்படியே நிலைத்துவிட்டது.

அவர்கள் பேசுவது இங்கிலீஷும் ஸ்பானிஷும். எனக்குள் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ட்ரேட் செய்வதற்கான கெடு அன்று மாலை முடிகிறது. கிழக்கே மாலை என்றால் எங்களுக்குப் பிற்பகல் மூன்று மணி. அன்றைக்கே நாங்கள் ஃப்ரெஸ்னோ போய் ஆட வேண்டும். மத்தியானம் கிளம்பினால் மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம்.

அணியில் எல்லோர் கண்ணும் ஒரு பத்தொன்பது வயதுப் பிட்சர் மேல் இருந்தது. பந்து போடுகிறவன். அவன் பந்தைப் பார்க்கவே மற்ற அணிகளின் ஆட்கள் வேகம் அளக்கும் கருவியோடு வந்து உட்காருவார்கள். டெக்சாஸில் ஒரு பெரிய அணி அவனைக் கேட்கிறது என்று நாலு நாளாகப் பேச்சு. ஆனால் எனக்குக் கவலை கேட்சரைப் பற்றித்தான். காரணத்தை முந்தின வாரம் அவனே சொன்னான்.

"ஏனுங்க, அடுத்த வாரம் காலேஜிலிருந்து புது கேட்சர் ஒருத்தன் வர்றான். மேல்படியில ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க நகர மாட்டாங்க. ஒரு அணியில எத்தனை கேட்சர் வேணும்?"

"ரெண்டு?"

"ரெண்டு. இப்ப நாங்க ரெண்டு பேரு. புதுசா வர்றவனோட மூணு. யாரு கிழவன்?"

நான் கண்ணாடியைச் சரிசெய்தேன்.

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குள்ள யாராவது என்னைக் கேட்டா நான் ஆட்டக்காரன். கேக்கலேன்னா புதன்கிழமையிலேருந்து எங்க மாமாவோட டயர் கடையில ஆளு."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கில்ராய் தாண்டி மலைச் சாலையில் ஏறும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பஸ்ஸில் ஒருவனும் தூங்கவில்லை. எல்லோரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு, பெரிய பெரிய பெயர்களாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். யார் எந்த அணிக்குப் போனான், அவனுக்குப் பதில் யார். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கூச்சல். தேர்தல் எண்ணும் நாள் மாதிரி இருந்தது.

பச்சேக்கோ கணவாயில் பாதி ஏறியபோது முன்னால் சிவப்பு விளக்குகள். வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. எதிர்ப்பக்கம் வந்த ஒரு தக்காளி லாரி நடுத்தடுப்பில் ஏறிக் கவிழ்ந்துவிட்டது என்றும் டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் கீழே நடந்து வந்த ஒருவர் சொன்னார். எங்கள் பக்கத்து இரண்டு லேன் முழுக்கத் தக்காளியாம். தள்ளிச் சுத்தம் செய்துதான் விட வேண்டும்.

தக்காளியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அந்தக் கணவாயில் ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. பஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஐந்து பத்து நிமிஷத்தில் தாண்டிவிடுகிற இடம். இப்போது மலைக்கும் மலைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றதில் மணி இரண்டரையை நெருங்கிவிட்டது.

மேனேஜர் எனக்கு வலப்பக்கம் முன்சீட்டில் இருந்தார். நாம் கோச் என்கிறோமே, அந்த வேலை இங்கே மேனேஜருடையது. அறுபதை நெருங்கிய, சிரிக்காத மனிதர். யாரையாவது ட்ரேட் செய்தால் மேலிடம் அவரைத்தான் கூப்பிடும். அவர்தான் ஆளிடம் சொல்ல வேண்டும். அவர் ஃபோனைத் தட்டிப் பார்த்தார், உதறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்கேருந்து நகர வழியே இல்லையா?"

"இல்லீங்க சார்."

"கதவைத் திற."

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வெயில் கொளுத்தியது, மலை முழுக்கக் காய்ந்த புல். ரோட்டோரத்தில் வரிசையாக நின்று ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் சுற்றினார்கள். பார்ப்பதற்கு சூரியனுக்கு ஆரத்தி காட்டுகிற மாதிரி இருந்தது. பிட்சர் ஒரு பாறை மேல் ஏறினான். "இறங்குடா, அந்தக் கை கோடிக்கணக்குல போகும்!" என்று கேட்சர் கத்தினான். கத்திவிட்டுத் தானும் ஃபோனைத் தூக்கினான். ஒரு கோடும் இல்லை.

லாரி ஓட்டின காலத்தில் மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் நாங்கள் யாரும் சீட்டிலேயே உட்கார்ந்திருக்க மாட்டோம். இறங்கி முன்னும் பின்னும் நடந்து போவோம். யாரிடம் தண்ணீர் இருக்கிறது, யாரிடம் பீடி இருக்கிறது, யாருக்கு என்ன சேதி தெரியும் என்று வண்டி வண்டியாகக் கேட்போம். அமெரிக்காவில் அந்தப் பழக்கம் கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படியே இருந்து பழகிவிட்டேன். ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடியில் எங்களுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பெரிய லாரி தெரிந்தது. முகப்பில் வாள் சின்னம், ஜரிகை, மேலே கட்டைவிரல் தடிமனில் ஒரு வெள்ளை ஆன்டெனா. பஞ்சாப் ஆள். இந்தப் பள்ளத்தாக்கில் லாரி ஓட்டுகிறவர்களில் பாதி பேர் அவர்கள்தான். அந்த ஆன்டெனாவை டீசல் போடும் இடங்களில் பார்த்திருக்கிறேன். எங்கோ இருக்கும் சிக்னலை இழுத்து கேபினுக்குள் பெரிதாக்கித் தரும். ராத்திரி பகலாக ஓட்டுகிறவர்கள் வீட்டோடு பேசிக்கொண்டே போவதற்காக மாட்டிக்கொள்வது.

தெரியாத ஒருவரிடம் போய் ஒன்று கேட்பது எனக்கு எப்போதுமே மலை ஏறுகிற மாதிரி. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்போது கேட்சர் பஸ் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து ஃபோனைத் தொடையில் கவிழ்த்து வைத்தான். அவ்வளவுதான், நான் எழுந்துவிட்டேன்.

"சார், அந்த லாரியில சிக்னல் இருக்கும்னு நினைக்கறேன். போய்க் கேக்கட்டுங்களா?"

மேனேஜர் என்னை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "இன்னுமா இங்க நிக்கற?"

நான் முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் மேனேஜர், கேட்சர், பிட்சர். லாரி டிரைவர் ஸ்டீயரிங் மேல் காலைப் போட்டுக்கொண்டு ஃபோனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆரஞ்சுத் தலைப்பாகை, நரைத்த தாடி. ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்! கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த இந்தி லாரிக்காரன் இந்திதான். அதைக் கொண்டு டயர் மாற்றலாம், ரொட்டி கேட்கலாம், சண்டை போடலாம்.

"பாஜி, ஒரு உதவி" என்றேன். பஞ்சாபியில் பாஜி என்றால் அண்ணன்.

அவர் என்னையும் எனக்குப் பின்னால் நின்ற மூன்று வெள்ளைச் சட்டைகளையும் பார்த்தார். "என்ன தம்பி, இவங்க உன்னைப் பிடிச்சுட்டு வந்திருக்காங்களா?"

"இல்ல பாஜி. நான்தான் இவங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"உன் இந்தி எந்த ஊரு?"

"நாமக்கல்."

அவர் காலை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். "நாமக்கல்லா! லூதியானா யார்டுல உங்க ஊர் வண்டி பக்கத்துல ரெண்டு நாள் கிடந்திருக்கேன். சோத்துல புளித்தண்ணி ஊத்திக் குடுத்தானுங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் என் வயிறு என் பேச்சைக் கேக்கல."

"அது ரசம் பாஜி."

"என்ன கண்றாவியோ. ஏறு, ஏறு. எல்லாரும் ஏறுங்க!"

மேனேஜர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு ஆட்டக்காரர்களும் பின்னால் இருந்த தூங்கும் கட்டிலில் தலை இடிக்க உட்கார்ந்தார்கள். நான் படியில் நின்றுகொண்டேன். கேபினுக்குள் போன மறுநொடி மூன்று ஃபோன்களும் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டன. டிங், டிங், டிங். பாஜி காதைப் பொத்திக்கொண்டார்.

பிட்சர்தான் முதலில் பார்த்தான். பார்த்துவிட்டு ஃபோனைக் கேட்சரிடம் நீட்டினான். அவனால் வாசிக்க முடியவில்லை.

கேட்சர் வாசித்தான். "நீ போயிட்டடா. டெக்சாஸ். நிஜமாவே." சொல்லிக்கொண்டே கீழே விரலால் தள்ளினான். "உன்னோட இன்னும் ஒருத்தன். பேரு போடல. 'இன்னும் ஒரு ஆட்டக்காரர்'னு மட்டும் போட்டிருக்கான்."

அந்த 'இன்னும் ஒருவர்' அந்த அமைப்பின் நாலு படிகளில் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாராகவும் இருக்கலாம். பத்தொன்பது வயதுப் பையன் அழ ஆரம்பித்துவிட்டான். "நீ இல்லாம எனக்கு யாரு பந்து சொல்லுவா?" என்றான். "நான் டயர் கடையிலேருந்து ஃபோன்ல சொல்றேன்" என்றான் கேட்சர்.

பாஜி என்னிடம் குனிந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். சின்னவனை விற்றாகிவிட்டது, பெரியவன் விலை போவானா என்று மூன்று மணிக்குள் தெரியும். பாஜி கடியாரத்தைப் பார்த்தார். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிஷத்திலிருந்து அது அவருடைய பிரச்சினையும் ஆகிவிட்டது.

மேனேஜர் மேலிடத்துக்கு ஃபோன் போட்டார். பிஸி. மறுபடியும் பிஸி. அப்போதுதான் முன்னால் எங்கோ ஹாரன் சத்தம். வண்டிகள் அசைந்தன. தக்காளியை ஒதுக்கி வழி விட்டுவிட்டார்கள்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். மூன்றுக்கு இன்னும் பத்து நிமிஷம்கூட இல்லை. இறங்கினால் சிக்னல் போய்விடும்.

"ஏனுங்க, நீ போய் பஸ்ஸை எடு! நாங்க இதுலயே வர்றோம்!"

"பாஜி, உங்களுக்கு…"

"ஓடுடா நாமக்கல்! பின்னாடி ஹாரன் அடிச்சே கொன்னுடுவானுங்க!"

ஐம்பதை நெருங்குகிற வயதில் அப்படி ஓடுவேன் என்று நான் நினைக்கவில்லை. வழியெல்லாம் கையை ஆட்டி ஆட்டி ஆட்டக்காரர்களை பஸ்ஸில் ஏறச் சொன்னேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவர்கள் என் குரலை அவ்வளவு சத்தமாக அதற்குமுன் கேட்டதில்லை. எண்ணிப் பார்த்து, கதவை மூடி, வண்டியை எடுத்தேன். கணவாயின் உச்சியைத் தாண்டும்போது டயருக்கு அடியில் தக்காளி நசுங்குகிற சத்தம் கேட்டது.

இறக்கத்தில் இரண்டு லேனும் திறந்துவிட்டது. வலப்பக்கம் ஏரி பளபளத்தது. பாஜி இடது லேனில் ஏறி மெதுவாக எங்களை எட்டிப் பிடித்தார். அவருடைய கேபினும் என் ஜன்னலும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இடப்பக்க ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டார்கள். வண்டியே அந்தப் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. "ரெண்டு பக்கமும் உக்காருங்க!" என்றேன். யார் கேட்டார்கள்? எல்லோரையும்விட கிட்டத்தில் இருந்தவன் நான். ஆனால் நான் ரோட்டைப் பார்க்க வேண்டும். இறக்கம், வளைவு, காற்று. திரும்பக்கூடாது. அவர்கள் கத்தியதை வைத்துத்தான் நான் பார்த்தேன்.

மைதானத்தில் தேர்ட் பேஸ் என்ற இடத்தில் நின்று ஆடுகிறவன் என் காதுக்குப் பின்னால் நின்றான். "மேனேஜர் ஃபோன்ல பேசறாரு! பேசறாரு!"

"சிரிக்கறாரா?" என்று பின்னாலிருந்து ஒருவன்.

"அந்த ஆளு எப்படா சிரிச்சாரு?"

"மணி என்ன?"

"ரெண்டு அம்பத்தெட்டு."

"ஃபோனை வச்சிட்டாரு. பின்னாடி திரும்பறாரு. ஏதோ சொல்றாரு… ஏனுங்க, கொஞ்சம் முன்னாடி போ, அவரு தொப்பி மறைக்குது!"

நான் கொஞ்சம் முன்னால் போனேன்.

"கட்டிப்பிடிக்கறான்! சின்னவன் நம்ம ஆளைக் கட்டிப்பிடிக்கறான்!"

பஸ்ஸில் ஒரு கூச்சல் கிளம்பிப் பாதியில் நின்றுவிட்டது. ட்ரேட் நாளில் கட்டிப்பிடித்தால் ஒன்றுதான் அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவன் போகிறான். ஆனால் சின்னவன் போவது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அவன் விடைபெறுகிறானா, அல்லது இரண்டு பேருமா?

"அது போயிட்டு வர்றேன்னு கட்டிக்கறது" என்றான் இரண்டாவது கேட்சர்.

"இல்லடா, குதிக்கறான் பாரு!"

"அந்தக் கட்டில்ல எப்படிக் குதிப்பான்? ரோடு தூக்கிப் போடுதுடா."

"மூணு! மணி மூணு ஆயிடுச்சு!"

அப்போது பாஜி ஹாரனை அழுத்தினார். நீளமாக, விடாமல், மலை எதிரொலிக்க. லாரி ஓட்டினவனுக்கு ஹாரனில் ஆள் குணம் தெரியும். வழி கேட்கிற ஹாரன் உண்டு, திட்டுகிற ஹாரன் உண்டு. கல்யாண வண்டியை முந்தும்போது அடிக்கிறது ஒன்று உண்டு. இது அது.

"நல்ல சேதிதாங்க" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்று தேர்ட் பேஸ் கத்தினான். எனக்கு விளக்கத் தெரியவில்லை. நானும் பதிலுக்கு ஒரு ஹாரன் அடித்தேன். கம்பெனி விதிப்படி அது கூடாது.

மலை இறங்கியதும் லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்கில் பாஜி ஒடித்துத் திருப்பினார். நான் பின்னாலேயே போய் நிறுத்தினேன். கதவு முழுக்கத் திறப்பதற்குள் ஆட்கள் குதித்துவிட்டார்கள். லாரியிலிருந்து முதலில் மேனேஜர் இறங்கினார். அவர் முகத்திலிருந்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு சின்னவன். பிறகு கேட்சர், முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

"ரெண்டு பேரும்" என்றார் மேனேஜர். "டெக்சாஸ். கிழவனை ஒரு படி மேல போடறாங்களாம்."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. இருபது பேர் ஒருவன் மேல் விழுந்தார்கள். யாருடைய தொப்பியோ என் மேல் வந்து விழுந்தது. பாஜியையும் கட்டிப்பிடித்தார்கள். அவர் தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "நானும் டெக்சாஸ்தான் போறேன், ஏறுங்கடா, கொண்டுபோய் விடறேன்" என்று சிரித்தார். டெக்சாஸ் அணியின் கீழிருந்து இரண்டாம் படி கேட்சர் ஒருவனுக்குப் போன வாரம் விரல் முறிந்திருந்ததாம். சின்னவனோடு சேர்த்து யாரைக் கேட்கலாம் என்று கடைசி நிமிஷத்தில் யோசித்தபோது, அவன் பந்தைப் பிடித்துப் பழகியவனையே கேட்டுவிட்டார்கள். யாரோ முகம் தெரியாதவனின் விரல். கேட்சர் அதைக் கேட்டுவிட்டுத் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு பேரையும் சான் ஹோசே விமான நிலையத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக மேனேஜர் ஒரு காருக்குச் சொல்லியிருந்தார். நான் பஸ்ஸின் அடிவயிற்றைத் திறந்து அவர்கள் பைகளை எடுத்துக் கொடுத்தேன். கேட்சர் பை கனமானது. முகமூடி, மார்புக் கவசம், கால் பட்டைகள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றான். கண்ணாடி இல்லாமல், நேருக்கு நேர். வாயில் பழக்கமானது வந்துவிட்டது.

"போயிட்டு வாங்க."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

இங்கிலீஷில் சொன்னேன். போய், திரும்பி வா.

அவன் பையைக் கீழே போட்டுவிட்டான். "திரும்பி வர்றதா? இந்த பஸ்ஸுக்கா? ஏனுங்க, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?"

சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவன் சொன்னது சரிதான். இந்தத் தொழிலில் என் பஸ்ஸுக்குத் திரும்பி வருகிறவன் கீழே விழுந்தவன். காயப்பட்டு, ஆட்டம் கெட்டு, மேலிருந்து தள்ளப்பட்டு வந்து அதே சீட்டில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஜன்னல் பக்கம்கூடத் திரும்புவதில்லை. ஆனால் நம் பக்கம் வாசலில் நின்று ஒருவரைப் பார்த்துப் 'போ' என்று சொல்வது இழவு வீட்டில்தான் நடக்கும். பெற்ற மகள் ஜெர்சி சிட்டிக்குப் பெட்டி கட்டியபோதும் நான் 'போயிட்டு வா' என்றுதான் சொன்னேன்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார் வந்து நின்றுவிட்டது.

"போ" என்றேன். நாக்கு அதோடு நிற்க மறுத்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். "போ. வராதே."

"போ!" என்று அவன் திருப்பிச் சொன்னான். சரியாகவே சொன்னான். பிறகு என்னை இழுத்து எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடித்தான்.

தேர்ட் பேஸ்தான் ஆரம்பித்தான். "போ!" அப்புறம் எல்லோரும். பெட்ரோல் பங்க் முழுக்க "போ! போ! போ!" என்று ஆட்டத்தில் கத்துகிற மாதிரி கை தட்டிக் கத்தினார்கள். டீசல் போட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஜியும் என்னவென்று புரியாமலே சேர்ந்துகொண்டார். கார் சான் ஹோசே பக்கம் திரும்பி மலை ஏறும்வரை சின்னவன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கேட்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர் மணியைக் காட்டினார். ஃப்ரெஸ்னோவில் ஆறரைக்கு ஆட்டம். எல்லோரையும் ஏற்றிவிட்டு கடைசியாக நான் ஏறினேன். இரண்டாவது கேட்சர் முதல் வரிசைக்கு வந்துவிட்டிருந்தான். மடியில் கால் பட்டைகளை வைத்துக்கொண்டு, வார்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.